உது

அனுமதிச் சீட்டில் மூன்று நாள் மிச்சம்,
பையில் நான்கு தோட்டா.
பெனாகா வயல்களை விட்டு
அறுவடை இயந்திரம் போய் இரண்டு வாரம்.
வைக்கோல் எரிந்த கறுப்பும் எரியாத மஞ்சளும்,
நடுவே ஈரம் விடாத சில பள்ளங்கள்.
உள்ளான்கள் அங்கேதான்.

அக்டோபரில் வந்திறங்கியபோது
காலடி வரை பொறுத்திருந்தவை.
இப்போது கொழுத்து, புத்தியும் வந்து
நாற்பது கஜத்திலேயே எழுந்து
கோணல்மாணலாய்
ஜெராய் மலைப் பக்கம் மறைகின்றன.
இன்னும் சில நாளில்
மொத்தமாய் வடக்கே.

சிலேட்டுக்கு ஒன்பது மாதம்.
தாய் அசல் பாயிண்டர்.
தகப்பன் யாரென்று
பூன் ஹோக்கின் டயர் கடைக்கே தெரியாது.
சாம்பல் முதுகு,
உடம்புக்கு முன்னால் ஓடிவிடும் கால்கள்.
இந்தப் பருவம் முழுக்க அவன் நின்று காட்டியவை:
தவளை,
நண்டு வளை இரண்டு,
காற்றில் உப்பிய உரச்சாக்கு,
பிறகு, மிகுந்த மரியாதையோடு,
பாக் சாட்டின் வாத்து.

வாத்துக்கு நான்தான் மன்னிப்புக் கேட்டேன்,
வரப்பின் இந்தப் பக்கம் நின்றபடி.
நாயோடு வருகிறவனுக்கு
சுற்றிப் போகத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் மதகு திறக்கிறவன்.
எந்த வயலில் எத்தனை அங்குலம் தண்ணீர் என்று
என் நோட்டில் இருக்கும்.
மற்றதை ஒரு மூக்குதான் சொல்ல வேண்டும்.

காற்று வாய்க்கால் பக்கமிருந்து அடித்தது.
ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான்.
நின்றான் என்றால்,
ஒரு முன்னங்கால் தரைக்கு வந்து சேரவே இல்லை.
முதுகுத் தோலில் மட்டும் ஒரு நடுக்கம்,
பொங்குவதற்குச் சற்று முன்
பாலின் மேல் ஓடுவது போல.

எனக்குத் தெரிந்தது வெறும் தாள்கட்டை.
இன்னொரு தவளையா, என்றேன்.
காதுகூட அசையவில்லை.

அம்மா யாழ்ப்பாணத்துக்காரி,
ரயில்வே குமாஸ்தாவைக் கட்டி பிறைக்கு வந்தவள்.
எல்லாருக்கும் இருக்கும் அது, இது தவிர
அவளிடம் ஓர் உது இருந்தது.
வகுப்பில் ஒருநாள் நான் அதைச் சொல்ல
பெஞ்சு பெஞ்சாய்ச் சிரித்தார்கள்.
எது உது, என்று அழுதுகொண்டு கேட்டேன்.
"உனக்குப் பக்கத்தில கிடக்கிறது, மோனை.
எனக்கில்லை, உனக்கு" என்றாள்,
மீனைக் கழுவிக்கொண்டே.
அப்போது புரியவில்லை.

அவனைத் தாண்டி நடந்தேன்.
பத்தடி. பதினைந்து.
பூட்ஸுக்குள் சேறு.
ஒன்றும் எழவில்லை.
திட்டுவதற்காகத்தான் திரும்பினேன்.

சிலேட்டு விட்ட இடத்திலேயே நிற்கிறான்,
கால் தூக்கியபடி.
தலை மட்டும் மெல்லத் திரும்பி
என் இடது பூட்ஸைப் பார்க்கிறது.

உது.

குனிந்தேன்.
வைக்கோல் மேல் வைக்கோல் நிறக் கோடுகள்.
கோடுகளுக்குள் ஒரு கண்,
கறுப்பு, ஈரம்.
வெகுநேரமாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

துணி கிழிகிற சத்தத்தோடு எழுந்தது.
முதல் குழல் வானத்துக்கு.
இரண்டாவதில்
அவன் சுட்டியதை நான் சுட்டேன்.

வாய்க்காலுக்கு அப்பால் விழுந்தது.
எடுத்து வா, என்றேன். போ, என்றேன்.
போகவில்லை.
இடுப்பளவு தண்ணீரில் நானே இறங்கி எடுத்தேன்.
உள்ளங்கைச் சூடு.
மார்பில் திரண்ட கொழுப்பு,
வடக்கே போக மாதக்கணக்காய்ச் சேர்த்தது.
நீண்ட அலகின் நுனியில்
கொஞ்சம் பெனாகா மண்.

அவன் மூக்கருகே நீட்டினேன்.
மோந்தான், தும்மினான்,
மறுபடி அந்த இடத்தையே பார்த்தான்:
என் பூட்ஸ் தடம்,
பக்கத்தில் கைக்குட்டை அளவு அமுங்கிய வைக்கோல்.
அங்கே ஏதோ இன்னும் இருக்கிறது
என்கிற நிற்பு.

சீட்டில் மூன்று நாள், பையில் இரண்டு தோட்டா.
அழைத்துப் பார்த்தேன்.
கடைசியில் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன்,
ஒரு தோளில் துப்பாக்கி, மறுதோளில் நாய்.
பலகைப் பாலம் தாண்டும்வரை
அந்த மூக்கு என் முதுகுக்குப் பின்னால்
நீட்டியபடியே வந்தது.